பளபளத்த இருபத்து நான்கு போல்ட்டுகள்

லென்ஸ் அக்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் போட மாட்டார்தான். தலைகீழாக நின்றாலும் நடக்காது. அந்த இரும்பாலையில் வாசல் காவலாளி முதல் எல்லோருக்கும் இது தெரியும். புது மேனேஜருக்கு மட்டும்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது, பாவம்.

அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் கணவரே தலையைச் சொறிவார். "எதாவது உடைஞ்சா இவளக் கூப்பிடுவாங்க. ஒட்டறதுக்கு இல்ல, ஏன் உடைஞ்சதுன்னு சொல்றதுக்கு" என்பார். ஒருநாள் வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி கால் முறிந்து பொத்தென்று விழுந்தார். அக்கா ஓடி வந்தார், கழுத்தில் தொங்கும் லென்ஸை எடுத்தார், மண்டி போட்டு நாற்காலிக் காலைப் பார்த்தார். "இது பழைய விரிசல். உங்க எடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று தீர்ப்பும் சொன்னார். "சந்தோஷம். இப்ப என்னைத் தூக்கி விடுறியா?" என்றார் தரையில் கிடந்த மனிதர்.

ஆலையில் அவருடைய அறை ஒரு பழைய இரும்புக்கடை மாதிரி இருக்கும். உடைந்த போல்ட்டுகள், உலையின் உட்சுவரில் பதிக்கிற சூடு தாங்கும் செங்கல்லின் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு. இருபத்து மூன்று வருடமாக இதுதான் அவர் உலகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமை ஃபிட்டர் நாலு பேர் முன்னால், "லென்ஸ் வெச்சுப் பாத்தா இரும்பு பேசுமாக்கும்? வீட்ல உக்காந்து பருப்புல கல்லு பொறுக்கலாம்" என்று சொன்னார். லென்ஸ் அக்கா என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் எதிரே வந்தால் அக்கா கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்.

அந்த ஃபிட்டரின் தலையில்தான் இப்போது கத்தி தொங்கியது.

நடந்தது இதுதான். பெரிய உலையின் கதவு ஒரு வீட்டுச் சுவர் அளவு இருக்கும். உள்பக்கம் முழுக்கச் செங்கல் பதித்திருப்பார்கள். அத்தனை கனத்தையும் தாங்குவது இருபத்து நான்கு போல்ட்டுகள். வருடாந்தர பராமரிப்பு முடிந்து வெள்ளிக்கிழமை ஃபிட்டர் அவற்றை இறுக்கினார். ஞாயிறு மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கதவு கீழே விழுந்தது. உலையை இன்னும் பற்ற வைக்கவே இல்லை. கீழே யாரும் நிற்காதது யார் செய்த புண்ணியமோ. மூன்று வாரச் செங்கல் வேலை தூள் தூளானது.

மேனேஜர் முதலில் கொத்தனார் மேல் பாய்ந்தார். அக்கா செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உடைந்த முகமெல்லாம் புதுசாக, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது. "செங்கல் உடைஞ்சு கதவு விழல சார். கதவு விழுந்துதான் செங்கல் உடைஞ்சது" என்றார். உடனே மேனேஜர் ஃபிட்டர் பக்கம் திரும்பினார். வெறி பிடித்தவன் மாதிரி இறுக்கியிருக்கிறான், அதனால்தான் போல்ட் தெறித்தது என்றார். அறிக்கையும் தயார், வேலைநீக்க உத்தரவும் தயார். அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஃபிட்டருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. இப்போது வெளியே தள்ளினால் முப்பது வருட உழைப்பும் அம்போ.

மறுநாள் காலை ஃபிட்டர் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எப்பவும் இறுக்கற அளவுதான் இறுக்கினேன். நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

"உங்கள நம்பறது என் வேலையில்ல. நான் போல்ட்டக் கேட்டுக்கறேன்" என்றார் அக்கா, நிமிராமலே.

கேட்டார். அளவு மீறி இறுக்கிய போல்ட் இழுபட்டு நீண்டுவிடும், மரையும் நீளும், நட்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அக்கா புது நட்டு ஒன்றை எடுத்து, உடைந்த ஒவ்வொரு துண்டிலும் இரண்டே விரலால் சுற்றினார். இருபத்து நான்கிலும் வெண்ணெய் மாதிரி ஓடியது. முறிந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் கல்கண்டை உடைத்தது போல மணி மணியாக இருந்தது. இழுபட்டு அறுந்ததென்றால் நார் நாராக இருக்கும். ஃபிட்டர் கை வைத்து உடைந்த போல்ட் இல்லை இது. அந்த மனிதரைப் பிடிக்காவிட்டாலும் உண்மை அவர் பக்கம் இருந்தது. அக்காவுக்கு அதில் ஒரு எரிச்சல்கூட இருந்தது.

இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. எப்போதும் கறுப்பாக வரும் போல்ட்டுகள் இந்த முறை வெள்ளி மாதிரி மின்னின. நேரே ஸ்டோருக்குப் போனார்.

"முதலாளி உலையைப் பாக்க வர்றாராம்மா. கறுப்பா இருந்தா அசிங்கமா இருக்குன்னு மேனேஜர்தான் வெளிய அனுப்பி முலாம் பூசிட்டு வரச் சொன்னாரு" என்றார் ஸ்டோர்காரர். "மிச்சம் இன்னும் ஒரு பெட்டி இருக்கு. திரும்பக் கதவு மாட்டறதுக்கு அதத்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு."

அக்காவுக்குப் பகீரென்றது. இவ்வளவு கடினமான போல்ட்டை அமிலத்தில் முக்கி முலாம் பூசினால் ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள் புகுந்துகொள்ளும். கையோடு சூளையில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். செய்யாவிட்டால் இறுக்கும்போது ஒன்றும் ஆகாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே, படாரென்று முறியும். முலாம் பூசியவருக்குப் போன் போட்டார். "சூடு பண்ணுங்கன்னு யாரும் சொல்லலையே மேடம்" என்றார் அவர்.

அக்கா அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்து, கனமான இரும்புக் கட்டை ஒன்றில் கோத்து, மேனேஜரின் மேஜை மேல் தொம்மென்று வைத்தார். அளவு காட்டும் ஸ்பேனரையும் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே இறுக்குங்க சார். சரியான அளவுக்கு. நாளைக்கு விசாரணை முடியற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். ஆனா யாரும் அதுக்கு நேரா முகத்த வெக்காதீங்க. உடைஞ்சா போல்ட்டோட தலை தோட்டா மாதிரி பறக்கும்."

மேனேஜர் சிரித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறுக்கினார்.

மறுநாள் நாலு மணிக்கு விசாரணை. மேனேஜர், பணியாளர் அதிகாரி, ஃபிட்டர், அக்கா. மேஜை மேல் இரண்டு போல்ட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தன.

"எங்கம்மா உங்க தோட்டா?" என்றார் மேனேஜர். "ஒரு நாள் முழுசா ஆச்சு. கையெழுத்துப் போடுங்க."

அக்கா அறிக்கையைத் திருப்பித் தள்ளினார். "இன்னைக்கு உடையலேன்னா நாளைக்கு உடையும். உடையவே இல்லேன்னாலும் நான் போட மாட்டேன். இருபத்து நாலு போல்ட்லயும் நட்டு விரல்ல ஓடுது. அவர் கைமேல தப்பில்ல. முலாம் பூசிட்டு சூடு பண்ணாம விட்டதாலதான் முறிஞ்சது. வேணும்னா அவரோட சேத்து என்னையும் அனுப்புங்க. அந்த உத்தரவுல வேணும்னா கையெழுத்துப் போடறேன்."

"கதை போதும். இந்தக் குப்பைய முதல்ல மேஜைய விட்டு எடுங்க."

"இறுக்கினது நீங்கதான சார். நீங்களே கழட்டிக் குடுங்க."

மேனேஜர் விருட்டென்று எழுந்து ஸ்பேனரை எடுத்தார். நட்டில் மாட்டினார். குனிந்தார். சட்டென்று தலை பின்னால் போனது. கையை எட்டிய மட்டும் நீட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பணியாளர் அதிகாரியின் நாற்காலி தானாக இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"நல்ல போல்ட்டுன்னா மூஞ்சிய ஏன் சார் அந்தப் பக்கம் திருப்பறீங்க?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "இந்தப் பெட்டியில மிச்சம் இருக்கறத வெச்சுத்தான மறுபடி கதவ மாட்டப் போறீங்க. அதுக்குக் கீழ நிக்கறவன் எந்தப் பக்கம் திரும்பிக்குவான்?"

பணியாளர் அதிகாரி வேலைநீக்க உத்தரவை எடுத்து, நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஃபிட்டர் மெதுவாக எழுந்தார். "குடுங்க சார், நான் கழட்டறேன்" என்று மேஜையை நோக்கி நடந்தார். அக்கா குறுக்கே போய் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க அண்ணே. இறுக்கினவரே கழட்டட்டும்."

ஃபிட்டர் நின்றார். மேனேஜர் ஸ்பேனரை மேஜை மேல் வைத்துவிட்டு, ஸ்டோருக்குப் போன் போட்டு, அந்தப் பெட்டியை யாரும் தொட வேண்டாம் என்றார்.