செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாரும் சொல்லாதீங்க

சலூன் தொழில்ல ஒரு கஷ்டம் இருக்கு: உக்கார்றவன் தலையில இருக்கறத வெட்டலாம், அவன் வாயில இருந்து வர்றத வெட்ட முடியாது. புதுப்படம் ரிலீசான வாரத்துல கடையத் தொறந்து வெச்சிக்கினு, கதை மட்டும் காதுல விழக்கூடாது சாமின்னு வேண்டிக்கினு இருக்கற அண்ணன் தம்பிங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்க சிரிச்சிட்டுப் போங்க, பரவால்ல.

என் கடை ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. மலையில தியேட்டர் கிடையாது. படம் பாக்கணும்னா வளைவு வளைவா ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடிக்கு இன்னொரு பஸ் புடிக்கணும். சலூனுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. படம் வர்றது வெள்ளிக்கிழமை. நடுவுல மூணு நாளும் ஊரே கீழ போய்ப் பாத்துட்டு, நேரா என் நாற்காலியில வந்து உக்காரும்.

இந்தத் தடவ வந்தது 'காந்தக்கையன்' ரெண்டாம் பாகம். ஹீரோவுக்கு உள்ளங்கை காந்தம். துப்பாக்கி, கத்தி எல்லாம் பறந்து வந்து ஒட்டிக்கும். மொத பாகத்துல அவனுக்கு முடி வெட்டற சலூன்காரரு ஒருத்தர் வருவாரு. கத்தரி அவர் கையில இருந்து பறந்து போய் ஹீரோ கையில ஒட்டினதும் ரகசியம் தெரிஞ்சிடும். ரவுடிங்க போட்டு மிதிச்சும் மனுஷன் வாயத் தொறக்கல. நம்ம சினிமாவுல சலூன்காரன்னா காத வெட்டி வெக்கற காமெடிக்குத்தான். மொத தடவையா ஒருத்தன் மானத்தோட வந்தான். அவருக்கு ஒரு பேரு கூட வெக்கல. இருந்தா இன்னா? பேப்பர்ல வந்த போட்டோவ வெட்டி, கண்ணாடி பக்கத்துல ஒட்டிட்டேன்.

அந்தப் பாகம் முடியறப்ப முகமூடி போட்ட ஒருத்தன் வந்து ஹீரோகிட்ட, "உன்ன எனக்கு நல்லாத் தெரியும்"னு சொல்வான். அவன் யாருன்னு மூணு வருஷமா மண்டையப் போட்டு ஒடச்சிக்கினு இருந்தேன். என் சம்சாரம் செல்விக்கு என் தொழில் மேல அப்படி ஒன்னும் பெரிய மரியாதை இல்ல. அவ அண்ணன் செங்கத்துல மண்டி வெச்சிருக்கான். அந்த மண்டி பெருமைய தினம் நான் சோத்தோட சேத்து முழுங்கணும். "செவ்வாய்க்கிழமை நீயும் வா, நம்மாளு எப்படி நிக்கறான்னு பாரு"ன்னு அவளையும் கூப்ட்டு வெச்சிட்டேன்.

போர்டு

எல்லா சலூன்லயும் இருக்கற மாதிரி என் கடையிலயும் 'இங்கு அரசியல் பேசாதீர்'னு ஒரு போர்டு. அதும் கீழ வெள்ளிக்கிழமை காலையில சாக்பீஸ்ல எழுதினேன்: 'செவ்வாய் வரை காந்தக்கையனும் பேசாதீர்'. எழுதிட்டுப் பெருமையா நின்னு பாத்துக்கினு இருந்தேன்.

மொத ஆளா புளி யாவாரி ஒருத்தர் வந்தாரு. போர்ட ரெண்டு தடவ படிச்சாரு. மொகத்துல அப்படி ஒரு ஏமாத்தம். "அரசியலும் கூடாது, படமும் கூடாதுன்னா, வெறும் முடி வெட்டிக்கவாப்பா இவ்ளோ தூரம் வர்றோம்?"

ஜீப் சங்கர்

ஜீப் ஓட்டற சங்கர் எட்டு வருஷமா சனிக்கிழமை தவறாம என்கிட்ட ஷேவிங் பண்ணிக்கறவன். கத்திய கழுத்துல வெச்சா கொறட்டை விடுவான், அவ்ளோ நம்பிக்கை. வெள்ளிக்கிழமை மொத ஷோ பாத்துட்டு சனிக்கிழமை காலையில வந்தான். என்னைப் பாத்தான். சுவத்துல இருக்கற போட்டோவப் பாத்தான். திரும்ப என்னைப் பாத்தான். சோப்புத் தண்ணிய எடுத்ததும், "ஷேவிங் வேணாண்ணா, மெஷின்லயே ஓட்டிடு"ன்னான்.

கொறட்டை இல்ல, கண்ணு சிமிட்டல. கண்ணாடியில என் கை எங்க போதுன்னே பாத்துக்கினு இருந்தான். ஐயோ, ஹீரோவ சாவடிச்சிட்டானுங்க போல, புள்ள துக்கத்துல இருக்கான்னு நெனச்சிட்டேன். கிருதா ஓரம் சரி பண்ண கத்திய எடுத்துக்கினு, இன்னொரு கைய தோள்ல வெச்சு ஆறுதலா அமுக்கினேன். தூக்கிவாரிப் போட்டு எழுந்துட்டான். "போர்டு இருக்குதேன்னு வாய மூடிக்கினு இருக்கேண்ணா, நீ அந்தக் கத்திய மட்டும் கீழ வெச்சிடு."

வாத்தியார் கோவம்

ஸ்கூல் சயின்ஸ் சார் ஞாயித்துக்கிழமை வந்தாரு. போர்ட மதிக்கற மனுஷன். வில்லனப் பத்தி மூச்சு விடல. மத்த எல்லாத்தப் பத்தியும் விட்டாரு. அலுமினிய குண்டான் எப்படிங்க காந்தத்துல ஒட்டும்? அவ்ளோ பெரிய காந்தத்த வெச்சிக்கினு அவன் எப்படிங்க செல்போன்ல பேசறான்? அவன் எப்படி பஸ்ல ஏறினான், கம்பிய வுட்டு எப்படி எறங்கினான்? டைரக்டர் கையில கெடச்சா ஒன்பதாம் கிளாஸ்ல மறுபடி உக்கார வெச்சிருப்பாரு. பாதி தலையோட நாற்காலியில திரும்பித் திரும்பிக் கேக்கறாரு, நான் இன்னா டைரக்டரா?

கடைசியா சட்டையில இருந்த முடியத் தட்டிக்கினு, என்னை ஒரு மாதிரி மரியாதையாப் பாத்தாரு. "வில்லன் யாருன்னு சொல்லமாட்டேங்க, ஆனா படத்துலயே அறிவியல் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

பிளாஸ்டிக் சீப்பு

அன்னிக்கே சாயங்காலம், மேல் ஊர்ல சாமை போடற பெரியவர் ஒருத்தர் வந்தாரு. மகன் கூட்டிக்கினு போய்ப் படம் காட்டியிருக்கான். போர்வை போத்தி, தலைக்குத் தண்ணி தெளிச்சு, சீப்ப கையில எடுத்தேன். அவ்ளோதான்! போர்வையோட எழுந்து கதவாண்ட போய் நின்னுக்கினாரு.

மலையில பிளாஸ்டிக் ஒழிப்புன்னு அப்பப்ப சொல்வாங்களே, அந்தக் கோவமாக்கும்னு நெனச்சிட்டேன். நானும் பொறுப்பா, "இது தூக்கிப் போடறதில்லங்க, நாலு வருஷமா இதேதான்"னு வெளக்கம் சொன்னேன். அவர் நகரல. "இரும்புல சீப்பு இருந்தா வாப்பா, பிளாஸ்டிக்க எடுத்தா எழுந்து வந்துடுன்னு பையன் சொல்லியனுப்பினான்."

செல்பி

திங்கக்கிழமை ரசிகர் மன்றத்துப் பசங்க ஏழு பேர் வந்தாங்க. முடி வெட்டிக்க இல்ல, என்கூட போட்டோ எடுத்துக்க! சுவத்துல இருக்கற போட்டோ பக்கத்துல நில்லுண்ணா, கத்தரிய புடின்னானுங்க. எனக்குத் தலைகால் புரியல. நம்மாளு ரெண்டாம் பாகத்துல பெரிய ஆளாயிட்டான், அவனுக்கும் ஏதோ சக்தி வந்துடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். மீசைய சீவிக்கினு, துவச்ச சட்டைய மாட்டிக்கினு வந்து, பல்லெல்லாம் தெரிய நின்னேன். அந்த போட்டோவ செல்விக்கும் அனுப்பினேன்.

மன்றத் தலைவன் போன எறக்கிட்டுத் தலையில அடிச்சிக்கினான். "சிரிக்காதண்ணா, பாத்தாலே அடிவயிறு கலங்கற மாதிரி நில்லு!"

செவ்வாய்க்கிழமை

வாணியம்பாடியில மத்தியான ஷோ. செல்வி பட்டுப்புடவை. நான் யாரோ கல்யாண வூட்டுக்காரன் மாதிரி முன்னால போய், நல்ல சீட்டாப் பாத்து உக்கார வெச்சேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால ஹீரோவக் கட்டிப் போட்டாங்க. முகமூடிக்காரன் கிட்ட வர்றான். கையில பிளாஸ்டிக் சீப்பு. பிடிக்குள்ள இருந்து பீங்கான் கத்தி வருது, காந்தம் ஒன்னும் பண்ண முடியல. முகமூடியக் கழட்டறான்.

நம்மாளு.

தியேட்டரே விசில் அடிக்குது. எனக்கு வாயில போட்ட முறுக்கு அப்படியே நின்னுடுச்சு. சங்கரோட முழி, வாத்தியாரோட மரியாதை, பெரியவரோட ஓட்டம், நான் பல்லக் காட்டினது, எல்லாம் ஒன்னு ஒன்னா வந்து கன்னத்துல அறையுது. அழுகையே வந்துடுச்சுங்க, சொன்னா இன்னா வெக்கம்? மூணு வருஷமா சுவத்துல ஒட்டி வெச்ச மானம்! செல்வி பக்கம் திரும்பவே பயமா இருந்துச்சு.

அப்பதான் அந்த ஆளு ஹீரோவோட தாடையத் தூக்கிப் புடிச்சு ஒன்னு கேட்டான். பத்து வருஷமா உன் தலைய என் கையில குடுத்தே, உனக்காக உதை வாங்கினேன், என் பேரு இன்னா, சொல்லு பாப்போம்? சொன்னா விட்டுடறேன். ஹீரோ யோசிக்கறான், யோசிக்கறான், தெரியல. விசில் அடிச்ச கூட்டம் கப்புனு அடங்கிடுச்சு. இடைவேளை விட்டு லைட்டு போட்டாங்க. மண்டிக்காரன் தங்கச்சி இப்ப கிழிக்கப் போறான்னு தலையக் குனிஞ்சிக்கினேன். அவ முறுக்குப் பொட்டலத்த என் மடியில வெச்சா. "அவன் கேட்டதுல இன்னாங்க தப்பு? உங்ககிட்ட வர்றவங்கள்ல எத்தினி பேருக்கு உங்க பேரு தெரியும்?"

புதன்கிழமை

கடையத் தொறந்ததும் சாக்பீஸ் எழுத்த அழிச்சேன். போட்டோவக் கிழிக்கலாம்னு கைய வெச்சேன், மனசு வரல, விட்டுட்டேன். சங்கர் வந்தான். நாலு நாள் தாடி அரிக்குது போல, வேற வழியில்லாம உக்காந்தான். சோப்பு போட்டேன். கத்தியத் தீட்டினேன். கழுத்தாண்ட கொண்டு போனதும் என் கையப் புடிச்சிக்கினான். நெத்தியில வேர்வை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காத, உன் பேரு இன்னாண்ணா?"

டைரக்டர் சார், மூணாம் பாகத்துல அந்த ஆளைத் தயவுசெஞ்சு நல்லவனாக்கிடாதீங்க, இங்க கஸ்டமருங்க இப்பத்தான் நல்லவங்களாயிக்கினு வர்றாங்க.