ஒரே காது, இரண்டு எண்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாம் மெதுவாகிவிடும். காரமடைக்கு மேற்கே, தென்னைகளுக்கு நடுவில் இருக்கும் வீடு. ஜன்னல் வழியே ஓலையின் நிழல் உள்ளே வந்து, தரையில் நீந்தி, கட்டிலில் படுத்திருக்கும் என் மனைவியின் இடது கையை எட்டும். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன கை. தலைமாட்டில் செல்போன் கிடக்கும். திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் இரண்டு வரிசையாக நிற்கும். காற்று அசைத்தாற்போல் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவள் பெயரைப் பதிந்து வைத்திருந்தோம். எங்கோ ஒருவருக்கு மூளைச்சாவு நேர்ந்து, வீட்டார் சம்மதித்து, ரத்த வகையும் பொருந்தினால் மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் கிளம்ப வேண்டும். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இதைப் பதிவுசெய்த அன்றே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்காகத்தான் இரண்டு சிம் போடும் போன் வாங்கினேன். சிங்காநல்லூரில் குடியிருந்த காலத்து எண் ஒன்று. நகரத்துக்குள் நன்றாக எடுக்கும், தோட்டத்துக்கு வந்தால் மங்கும். இங்கே எடுக்கும் நிறுவனத்தின் எண் இன்னொன்று. மருத்துவமனைப் படிவத்தில் தொலைபேசிக்கு இரண்டு வரிகள் இருந்தன. இந்த இரண்டு எண்களையும் எழுதினேன். என் போனை நான் மோட்டார் அறையில் மறந்து வைத்துவிட்டு வருகிறவன் என்பதால் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. ஒரே போனை இரண்டு வரிகளில் எழுதியிருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

அன்று மூன்றேகாலுக்கு மணி அடித்தது. மனைவி எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய அத்தை, தோட்டத்தில் எடுக்கும் எண்ணுக்கு.

“ஏங் கண்ணு, தூங்கிப்போட்டயா?”

“இல்லீங்கத்தே, சும்மா கெடந்தேன். சொல்லுங்க.”

பேத்திக்குக் காதுகுத்து. போனில் அழைப்பதானாலும் எங்கள் பக்கத்தில் நேரில் வந்து அழைக்கிற முறை மாறாது. முதலில் உடம்பு, பிறகு மழை, மாடு கன்று போட்டதா என்ற விசாரணை, சம்பந்தி வீட்டு நலம். கடைசியில்தான் விசேஷம். அழைக்கிறவர் “வெச்சறட்டுமா கண்ணு” என்று கேட்காமல் அழைக்கப்பட்டவர் போனை வைப்பது அவமரியாதை. வைத்தால், காதுகுத்துக்குப் போகும்போது பந்தியில் வைத்துக் கேட்பார்கள்.

“உங்கூட்டுக்காரரு வருவாரா, இல்ல பேப்பரை விரிச்சுட்டு உக்காந்துக்குவாரா?”

“பேப்பரோடயே கூட்டியாறேனுங்கத்தே.”

இருவரும் சிரித்தார்கள். மனைவி அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நிழல் கட்டிலைக் கடந்து சுவரில் ஏறியது. நான் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம்.

அவள் போனை வைத்ததும் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மருத்துவமனை எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள், இரண்டு எண்களுக்கும் மாறி மாறி.

நான் திருப்பிக் கூப்பிட்டேன். உறுப்பு மாற்றுப் பிரிவில் இருக்கும் இளம்பெண் எடுத்தாள். குரலில் கோபமில்லை.

“ஒண்ணு பிசீன்னு வந்துச்சுங்க சார். இன்னொண்ணு தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுச்சு. அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டமுங்க. அவங்க கெளம்பியாச்சு. அவங்களுக்கு ரத்தம் ஒத்துவரலீனா கூப்பிடறேன். போனைப் பக்கத்துலயே வெச்சுக்கங்க.”

போனைக் கட்டிலின் நடுவில் வைத்தோம். வெயில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகிக் கரைந்தது. கூப்பிட்டால், யாரோ ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். நான் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாளா என்று கேட்கவில்லை. மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் டயாலிசிஸ் முறை. போகிற வழியில் காந்திபுரத்தில் இறங்கி, போன் வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண்மணி போனை வாங்கிப் பார்த்தார்.

“சிம் ரெண்டுதானுங்க, காது ஒண்ணுதான். சும்மா இருக்கறப்ப இந்த டவரை ஒருக்கா கேக்கும், அந்த டவரை ஒருக்கா கேக்கும். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மாறி மாறி. அதுனால ரெண்டும் முழிச்சிருக்கற மாதிரியே தெரியும். ஒண்ணுல பேச ஆரம்பிச்சீங்கன்னா காது அங்கயே நின்னுரும். இன்னொண்ணு ஊருலயே இல்லாத மாதிரி.”

“இதை விக்கறப்பச் சொல்லலீங்களே?”

“நீங்க கலரு மட்டுந்தானுங்க கேட்டீங்க.”

ஒரு எண் கிடைக்காதபோது அழைப்பு மற்றதற்குத் திரும்பும்படி செய்தார். பேச்சின் நடுவே வரும் அழைப்பு காதில் கேட்கும்படியும் மாற்றினார். மனைவியை ஒரு எண்ணில் என்னோடு பேசச் சொல்லிவிட்டு, கடைப் போனிலிருந்து மற்றொன்றைக் கூப்பிட்டார். என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எங்கோ தண்ணீர் சொட்டுகிற மாதிரிக் கேட்கிறது என்றாள்.

மருத்துவமனை வராந்தாவில் அந்த இளம்பெண் எதிரே வந்தாள். நான் அவளிடம், படிவத்தில் என் எண்ணையும் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏனம்மணி, நேத்து வந்தவங்களுக்கு ஒத்துவந்துச்சா?”

“வந்துச்சுங்கக்கா. காலைல ஆபரேசன் முடிஞ்சுது.”

“ஒண்ணுக்கு வந்துச்சா?”

இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது. அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“டேபிள் மேலயே வந்துருச்சுங்கக்கா.”

மனைவிக்குச் சிறுநீர் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அவள் தலையை ஆட்டினாள். கையை விட்டுவிட்டு, டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றாள்.