மணிக்குப் பின் வந்த சேதி

முனை திரும்பும்போதே எலியேசர் ஒரு கையால் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொள்வார். மறு கை மூன்றுசக்கர வண்டியின் கைப்பிடியில் இருக்கும். பின்பலகையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள், ஒரு பேட்டரி. மக்தலேனா ஆறு கரீபியக் கடலைத் தொடுமுன் வளைகிற இந்த ஊரில் மீன் வந்தாலும், ஆடு காணாமல் போனாலும், ஆள் செத்தாலும் எலியேசர் சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு.

மீனுக்கு மேளம். தள்ளுபடி விலைக்குச் சேவல் கூவல். சாவுக்கு மட்டும் மாதாகோயில் மணி. மூன்று ஓசையையும் பதிந்து ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறார். மேளம் கேட்டு ஓடிவரும் பெண்களிடம், "நேத்துப் பிடிச்ச மீன்தான் தாயி, ஆனா ருசி குறையாது" என்று கண்ணடிப்பார். மணியில் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது. மணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். மணிக்குப் பின் அவர் பொய் சொன்னதே இல்லை.

கொரோனாவுக்கு ஊசி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. டாக்டர் என்று சொல்லிக்கொண்ட எவனோ ஒருவன். ஊசி போட்டால் ரத்தம் உறையுமாம், கரு தங்காதாம். குளோரின் சொட்டுமருந்தைக் குடித்தால் நோய் அண்டாதாம். எல்லாம் புளுகு. எலியேசர் அப்படியே நம்பி ஊருக்கும் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது அபாண்டம். காசு வாங்கியிருந்தால் கடை விளம்பரம்போலச் சேவலைத்தான் கூவ விட்டிருப்பார். ஊர் பிழைக்கட்டும் என்று, அந்தச் சேதிக்கு முன்னால் தன் கையாலேயே மணியை வைத்தார். அங்கேதான் கெட்டது.

ஊசி போடும் படகு வந்தபோது துறையில் ஈ காக்காய் இல்லை. எலியேசரின் அக்கா எதில்மா. அவள் கணவர் நிக்கானோர் அந்தச் சொட்டுமருந்தைக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவுக்கும் எலியேசர்தான் மணி அடித்தார்.

இப்போது வியாழன்தோறும் படகு வருகிறது. அதில் வரும் நர்ஸ் யாமிலே கேட்டுக்கொண்டபடி அவரும் மணி அடித்து, "நான் சொன்னது தப்புங்க. நானே ஊசி போட்டுக்கிட்டேன், நீங்களும் போட்டுக்குங்க" என்று தெருத்தெருவாகக் கெஞ்சுகிறார். ஜன்னல்களைச் சாத்துகிறார்கள்.

"அன்னைக்கும் இதே மணியத்தானே அடிச்ச? எந்த மணிய நாங்க நம்புறது?" என்று இறைச்சிக்கடை ராமிரோ கேட்டான். எலியேசர் வண்டியை அடுத்த தெருவுக்கு மிதித்தார்.

ஊரை விடுங்கள், அவர் மனதை அரிப்பது அக்காதான். சர்க்கரை நோய்க்காரி, நாலடி நடந்தால் இளைப்பு. தெருவில் காய்ச்சல் மறுபடி வீடு வீடாக ஏறுகிறது. துக்கத்துக்கு உடுத்த கறுப்பை அவள் இன்னும் கழற்றவில்லை. அவர் போய்த் தட்டினால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "உன் பேச்சக் கேட்டு ஒருத்தர் போயாச்சு. இன்னும் யாருடா வேணும் உனக்கு?" என்பாள். அவள் கேட்பதில் என்ன தப்பு?

போன வியாழன் எலியேசர் எந்தச் சேதியும் சொல்லவில்லை. அக்கா வாசலில் வண்டியை நிறுத்தி, ஒலிபெருக்கிகளையும் பேட்டரியையும் கழற்றித் தரையில் வைத்தார். காலியான பலகையில் துண்டை மடித்துப் போட்டார். மைக் இல்லாவிட்டால் அவருக்குச் சின்னக் குரல். "அக்கா, நீ நடக்க வேணாம். துறை வரைக்கும் நான் மிதிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறிய பிறகு தாழ்ப்பாள் விலகியது. எதில்மா வெளியே வந்து, தரையில் கிடந்த குழாய்களைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுறேன். நம்பிட்டேன்னு நினைக்காத. ஆனா ஒண்ணு, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ மணி அடிக்கக் கூடாது."

எலியேசர் மணி பதிந்திருந்த பென்டிரைவைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.