வேனுக்கு பேட்டரி கேட்டால், வீட்டில் எத்தனை ரூம் என்கிறார்

இன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு பேட்டரிக் கடைக்கு நானும் கணவரும் போனோம்.

எங்கள் பழைய வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கை போட்டிருக்கிறோம். ராத்திரிக்கு ஒரு சின்ன ஃபேன், இரண்டு லைட், செல்போன் சார்ஜ். அவ்வளவுதான். நாற்பது ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி தாராளம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

கடைக்காரர் தாளை வாங்கினார். அதைப் பார்க்காமலே கணவரிடம் கேட்டார்: "ஊட்ல எத்தினி ரூமு சார்?"

"வேனுக்குங்க" என்றேன் நான்.

"நூத்தம்பது ஏஹெச் போட்டுக்குங்க சார். எல்லாரும் அதான் வாங்கிக்கினு போறாங்க."

அது வீட்டு இன்வெர்ட்டருக்கான பேட்டரி. ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்துகொண்டே தூங்குவதா?

பதினோரு வருடமாகத் தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்ப்பவள் நான். கணவரே சொல்லிவிட்டார்: "எனக்கு இன்னாங்க தெரியும்? ஊட்ல ஃபியூஸ் போனாகூட அவதான் போடுவா."

கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ இந்தக் கணக்கை யார் சார் போட்டுக் குடுத்தாங்க?"

தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவள்ளூர் பக்கம், வாங்க வந்தவளிடமே பேசுகிற பேட்டரிக் கடை இருந்தால் சொல்லுங்கள். இந்த முறை கணவரை வேனிலேயே உட்கார வைத்துவிட்டுப் போகிறேன்.