வாசனைப்புல் எரிந்த காலை

1. தீ வைக்கும் உத்தியோகம்

வனத்துறையில் கார்டாகச் சேர்ந்தவன் தீயை அணைக்கத்தான் ஓடுவான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுபதுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலை மலை என் பீட்டுக்கு, அதாவது நான் காவல் சுற்றும் எல்லைக்குள், வந்தது. முதல் நாளே ரேஞ்சர் என் கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார்.

"தை மாசத்துக்குள்ள ஃபயர் லைன் முடிச்சிடணும்யா. நாம இப்ப கொஞ்சம் கொளுத்தலன்னா, சித்திரையில எவனாவது பீடியப் போட்டு மொத்த மலையையும் கொளுத்திடுவான்."

ஃபயர் லைன் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சரிவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு நீளமாகப் புல்லை அறுத்துக் காயப்போட்டு, நம் கண் முன்னாலேயே எரித்துவிட வேண்டும். கோடையில் வரும் தீ அந்த வெற்றுத் தரை வரை வந்து, தின்ன எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். எரிப்பதற்கு நேரம் விடியற்காலை. புல்லில் பனி ஈரம் இருக்கும், காற்று இருக்காது, தீ சொன்ன பேச்சைக் கேட்கும். மூன்று வருஷம் இப்படியே செய்தேன். ஒரு தடவைகூடத் தீ கைமீறிப் போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அப்போது மலையில் இவ்வளவு மரம் கிடையாது. இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரம் புல். அதில் பாதி வாசனைப்புல். கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அதன்மேல் பட்டு வரும் காற்றே மருந்து என்று ஊரில் பேச்சு. ஊர் மெதுவாகச் சொன்னதை நான் உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தன் பீட்டைத் தானே புகழாத கார்டு உண்டா?

2. மெட்ராஸிலிருந்து வந்தவர்

வேதாசலம் மெட்ராஸுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். இருபது வருஷத்துக்கு மேல் புகையிலேயே நின்றவர். மூச்சிரைப்பு முற்றிப்போய், "மலைக்காத்து இருக்கிற ஊருக்குப் போங்க" என்று டாக்டர் அனுப்பியிருந்தார். ஊட்டிக்கு வசதி இல்லை. மனைவி கமலா அம்மாள் செங்கம் ரோட்டில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார்.

தினமும் காலையில் இருவரும் மலையேறுவார்கள். முதல் வாரம் அடிவாரத்தோடு சரி. அப்புறம் ஓடை வரை. ஒரு மாதத்தில், மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும் பாறைக்குக் கொஞ்சம் கீழே வரை வந்துவிட்டார். வழியில் என்னைப் பார்த்தால் நின்று பேசுவார்.

"கார்டு சார், இந்தக் காத்த தம்ளர்ல ஊத்தி மெட்ராஸ்ல வித்தா கூட்டம் அலைமோதும். உச்சிக்கு ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துட்டேன்னா போதும் எனக்கு."

"போயிடலாம் சார். பனியோட ஒரு வாசனை வரும் பாருங்க, அத நல்லா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் விடுங்க. மூலிகை. ஊசி போட்டாப்பல வேலை செய்யும்."

அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து எண்ணி எண்ணி மூச்சை இழுத்து நிறுத்தப் பழகினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மருந்துச்சீட்டு எழுதாத டாக்டர் ஆகிவிட்டேன்!

3. மேகத்துக்கு மேலே

அந்த வருஷம் ஓடைக்கு மேலே உள்ள சரிவைக் கொளுத்தினோம். நானும், அடி அண்ணாமலையில் பயிர் வைத்துக்கொண்டே சீசனுக்கு எங்களிடம் ஃபயர் வாட்சராக வரும் சுப்புராயனும்தான். இன்னும் விடியவில்லை.

"காத்தே இல்ல கார்டு. பனி ஜாஸ்தியா கீது. புல்லு புடிக்கவே மாட்டேங்குது."

"நல்லதுதான், மெதுவா எரியட்டும்."

மெதுவாகத்தான் எரிந்தது. ஈரப்புல்லானதால் தீயைவிடப் புகைதான் அதிகம். வெள்ளை வெளேரென்று கிளம்பி, மேலே போகாமல் தரையோடு தரையாகச் சரிந்து ஓடைக்குள் இறங்கியது. நாங்கள் பச்சைக் குழையால் ஓரத்துத் தீயை அடித்து அணைத்துவிட்டு மேலே அந்தப் பாறையில் உட்கார்ந்தோம்.

சூரியன் வந்தது. அந்தக் காட்சியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கீழே ஊரே இல்லை. செங்கம் ரோடு இல்லை, ஏரி இல்லை, வீடுகள் இல்லை. ஒரே வெள்ளை. பெரிய கோபுரத்தின் கலசங்கள் மட்டும் வெளியே நின்றன. எங்கும் எலுமிச்சை வாசம். கால் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. செத்த பிறகு போகும் இடம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? இவரால முடியலங்க!"

ஓடினேன். பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. பாதையோரக் கல்லில் வேதாசலம் இரு கைகளையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு கறுத்திருந்தது. பக்கத்தில் கமலா அம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பனி நல்லா இறங்கியிருக்குனு நின்னு நின்னு இழுத்தாருங்க. திடீர்னு இப்படி ஆயிடுச்சு."

வீடு கீழே, ரோடு கீழே, ஆஸ்பத்திரி கீழே. அவரைத் தூக்கிக்கொண்டு கீழேதான் இறங்கினேன். இருபது அடி போவதற்குள் புகை கெட்டியானது. என் கண்ணே எரிந்தது. முதுகிலிருந்த அவருடைய மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பேச முடியாமல் என் தோளைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். அவர் விரல் மேலே காட்டியது. மேலே மட்டும்தான் வெளிச்சம் இருந்தது.

திரும்பி ஏறினேன். கடத்தல்காரன் விட்டுப்போன விறகுக்கட்டைச் சுமந்து பழகிய முதுகுதான்; ஆனாலும் அன்றைக்குப் பத்தடிக்கு ஒருதரம் நின்று அவரை ஏற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "சாமி, என் கையால இவர் போயிடக் கூடாது" என்று வாய்விட்டே சொன்னேன். இவ்வளவு தூரமா இந்தப் பாதை என்று நினைத்தபோது, தலை மட்டும் வெயிலுக்குள் போனது. அப்புறம் தோள். எனக்குப் பின்னால் கமலா அம்மாளின் வகிட்டுக் குங்குமம், நெற்றி, முகம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பாறையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்தோம். கமலா அம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரையை எடுத்தார். சுப்புராயன் தன் தூக்குவாளியிலிருந்த தண்ணீரைக் கொடுத்தான். அந்த ஆளின் மூச்சைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கீழே அதே வெள்ளை, அதே கலசங்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்: "இவ்ளோ... பனி... எப்பவும் வருமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சுப்புராயன்கூட, அப்படியே சொல்லிவிடு என்பதுபோல என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

"பனி இல்ல சார். புகை. நான் வெச்ச தீ."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏமாந்துபோன முகம். அதற்குக் கோபமே பரவாயில்லை.

4. ரிப்போர்ட்டில் இல்லாத கலம்

வெயில் ஏறிப் புகை கலைந்ததும் கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரேஞ்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார். எத்தனை ஏக்கர், எத்தனை மரம், கால்நடை சேதம் உண்டா என்று நிரப்பக் கலங்கள் இருந்தன.

"புகைய சுவாசிச்ச ஆளுக்கு இதுல எடமே கெடையாதேய்யா. தீ லைனைத் தாண்டலல்ல? அப்ப நல்லபடியா முடிஞ்சுதுனு எழுதிடு."

நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஃபாரத்தின் பின்பக்கத்தில், ஈரப்புல் புகை ஓடையில் தங்கியதால் மலையேறிய ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை.

மறுவாரம் மன்னிப்புக் கேட்க வார்டுக்குப் போனேன். வேதாசலம் தூங்கிக்கொண்டிருந்தார். கமலா அம்மாள் வராந்தாவுக்கு வந்தார்.

"மெட்ராஸ்ல பாய்லர் புகை வந்தா கர்ச்சீப்ப மூக்குல கட்டிப்பாரு தம்பி. புகைனு தெரியுமில்ல? இங்க நீங்க சொன்னீங்கனு நெஞ்சு நெறைய இழுத்தாரு."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்காமலே திரும்பி வந்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். வேதாசலம் உச்சிக்குப் போகவே இல்லை.

எந்தப் புல் எரிந்தாலும் புகை புகைதான். வாசனை அதை மருந்தாக்காது. இது ஒன்று. காற்றே இல்லாத குளிர்காலையில் புகை பள்ளத்தைத் தேடி இறங்கும். நடக்கிறவர்களின் பாதையும் அந்தப் பள்ளத்தில்தான் போகும். இது இன்னொன்று. அதன் பிறகு வெயில் ஏறி, பனி காய்ந்து, காற்று லேசாக அசைய ஆரம்பித்த பிறகுதான் கொளுத்தினேன். தீ முன்போலச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கூடுதலாக நாலு ஆள் வைத்து அடித்து அணைத்தோம். தீக்குச்சி கிழிப்பதற்கு முன் பாதை முழுக்க நானே ஒருதரம் நடந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். சிலர் சண்டைக்கு வந்தார்கள்.

"மலைக்கு வந்தவங்கள ஏறாதேனு சொல்ல நீ யாருய்யா?" என்று ஒருத்தர் கத்தினார்.

"தீ வெக்கப் போறவன்ங்க" என்றேன்.