படத்துல காணாமப் போன வூடு

அத வுடு, அவ மருமவ கதைய அப்பறம் சொல்றேன். எங்கூட்டுக்கு ஆளுங்க வந்தாங்களே, உனுக்குத் தெரியுமா? நீ கீழூர்ல இருக்கிற, உன் காதுக்கு எப்டி வரும். படிச்ச பொண்ணு ஒண்ணு, கூட ஒரு பாரஸ்ட்டுக்காரரு. காட்டையே அழிக்குதே அந்த உண்ணிச்செடி, அது எங்கெங்க ரொம்பிக் கெடக்குதுன்னு சேட்டிலைட்டு மேல இருந்து படம் புடிக்குதாம். சந்தேகம் வர்ற எடத்துக்கு மட்டும் இவங்க நடந்து வந்து பாப்பாங்களாம்.

எங்க தெருவுலதான் எல்லாரும் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ட்டாங்களே. எம் புள்ளையுந்தான். பூட்டுன வூட்டு வாசலெல்லாம் உண்ணி ஏறிப்போச்சு. ஆடு மோந்து பாத்துட்டுப் போய்டுது. பூ மட்டும் செவப்பும் மஞ்சளுமா நல்லாத்தான் பூக்குது. அத்த பாத்துக்கினே தனியா குந்தி கஞ்சி குடிப்பேன்.

அந்தப் பொண்ணு போன்ல படத்தக் காட்டுச்சு. ஒரே பச்ச.

"இதுல எங்கூடு எங்கம்மா?"ன்னேன்.

"இங்க வூடே இல்லன்னு காட்டுது பாட்டி. எல்லாம் உண்ணிதானாம்."

அண்ணாந்து பாத்தேன். தகரம் சுடுதேன்னு சொரக்கொடிய ஏத்தி வுட்டிருந்தேன் இல்ல, அது கூரைய முழுக்க மூடிக்கினு கெடக்குது. சிரிச்சி சிரிச்சி வவுறு வலிச்சிப்போச்சு.

வுடுவேனா, சாமை அரிசிச் சோறு ஆக்கிப் போட்டேன். பாரஸ்ட்டுக்காரரு "நேரமாவுதும்மா"ங்கிறாரு, நான் இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துறேன். எங்கூட்டுல ரெண்டு பேரு பேசுற சத்தம் கேட்டு எம்மா நாளாச்சு.

கெளம்பும்போது அந்தப் பொண்ணு சொல்லுது, "வூடுன்னு போட்டுட்டேன் பாட்டி. சந்தேகம் தீந்துச்சு."

நான் கேட்டேன், "அப்ப இனிமே வர மாட்டீங்களா?"

"இங்க வேல இருக்காதே."

"சந்தேகமாவே வெச்சிக்கோயேன் கண்ணு."

"பொய் போடக் கூடாது பாட்டி"ன்னு சிரிச்சிச்சு. "மழைக்கு அப்பறம் வேற படம் வரும். அதுலயும் செடின்னு காட்டுனா வந்து பாப்போம்."

அது போதுமே. அந்தக் கொடி காய்ஞ்சதும் இழுத்துப் போட்டுட்டு, புதுசா சொரையும் பரங்கியும் ஊனிட்டேன். இந்தத் தடவ மாட்டுக் கொட்டாய் மேலயும் ஏத்தப் போறேன். தண்ணிதான் அம்மாந் தூரத்துல இருந்து... இரு இரு, ஆடு மொளையில வாய வெக்கிது பாரு. ஓட்டிட்டு வர்றேன். நீ குந்து, போய்டாத.