மாமியைச் சாக்காட்டுங்கோ

அக்காவின் மகன், என் பெறாமகன், இணையத்தில் நாடகச் சனல் ஒன்று தொடங்கியபோது மாமியார் வேடத்துக்கு ஆள் தேடினான். சண்டிலிப்பாயில் நடிகைக்கு எங்கே போவது? நான் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டு கூப்பிடு தூரத்தில் இருந்தேன். “சின்னம்மா, நீங்கள் நடிக்கவே தேவையில்லை. சும்மா பாத்தாலே காணும்” என்றான். அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

கதை எளிது. மருமகளை நான் அழவைக்க வேண்டும். கொஞ்ச நாளில் நான் திருந்துவதாகத்தான் அவன் முதலில் எழுதியிருந்தான். ஆனால் படத்துக்குக் கீழே கருத்துகள் வரத் தொடங்கின. ‘உந்த மனுசியை ஆராவது கிணத்துக்கை தள்ளுங்கோ’ என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். பெறாமகன் துள்ளிக் குதித்தான். அடுத்த கிழமை மருமகளின் சோற்றுக் கோப்பையைப் பறித்தேன். பார்ப்பவர்கள் பெருகினார்கள். அதற்கடுத்த கிழமை அவளுடைய படிப்புச் சான்றிதழ்களை அடுப்பில் போட்டேன். இன்னும் பெருகினார்கள். திருந்துகிற யோசனை அதோடு போயிற்று.

என் சின்ன வயதில் வானொலி நாடகத்தில் யாராவது செத்தால் வீடே அழும். ஏன் கொன்றாய் என்று யாரைக் கேட்பது? வானொலிப் பெட்டிக்கு வாய் மட்டும்தான் இருந்தது. இப்போது சனம் கேட்டபடி கதை நடந்தாக வேண்டும். பெறாமகன் எழுதுவதையே விட்டுவிட்டான். காலையில் கருத்துகளை வாசிப்பான், பின்னேரம் படம் பிடிப்பான்.

சந்தையில் மீன்காரி என் பையை வாங்கவில்லை. “மருமேள் பட்டினி. உங்களுக்கு விளைமீன் கேக்குதோ?”

“அது நாடகம் பிள்ளை.”

“நாடகமெண்டாலும் மனச்சாட்சி வேணும்” என்று சொல்லி, மலிவான சூடை மீனை அள்ளி என் பையில் போட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகனுக்குக் கரவெட்டியில் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்ததுதான் வினையாயிற்று. பெண் பார்க்கப் போனோம். தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண்ணின் தாய் என்னைக் கண்டதும் நடுவழியில் நின்றுவிட்டார். “நீங்கள்... அந்த நாடகத்து மாமியெல்லே?”

“ஓம்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. தட்டு உள்ளே திரும்பிப் போயிற்று.

பிறகு தரகர் செய்தி கொண்டுவந்தார். “தம்பியை அவைக்குப் பிடிச்சிருக்கு. ஆனா தாலி கட்டமுன்னம் மாமி சாக வேணுமாம்.”

“ஆர், நானோ?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாடகத்திலை எண்டுதான் நினைக்கிறன்” என்றார்.

பெறாமகனிடம் ஓடினேன். “என்னைச் சாக்காட்டிவிடு ராசா.”

“ஏலாது சின்னம்மா. நீங்கள் செத்தா சனலும் செத்துப்போம். சனத்தைக் கேப்பம்.”

‘மாமி சாகலாமா?’ என்று வாக்கெடுப்பு வைத்தான். என் உயிரைப் பற்றிய முடிவுக்காக, சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி காத்திருந்தேன். சாகக்கூடாது என்றே பெரும்பான்மை சொன்னது. பாசத்தால் அல்ல. ‘செத்தா வேதனை முடிஞ்சிடும். பாரிசவாதம் வந்து கை கால் இழுத்துப் படுக்கையிலை கிடக்கட்டும். மருமேளின்ரை கையாலை கஞ்சி குடிச்சு அழட்டும்’ என்று பிரான்சிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுடைய கருத்தையே அவன் கதையாக எடுத்தான்.

நான் கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். ‘வாய் இன்னும் கொஞ்சம் கோணினால் நல்லம்’ என்று வந்தது, கோணினேன். மருமகளாக நடித்த பிள்ளை ஒருநாள் என் முகத்தைத் துடைத்துவிட்டபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. படப்பிடிப்பு முடிந்தும் நிற்கவில்லை. பெறாமகன் அதையும் பிடித்துப் போட்டான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கரவெட்டியிலிருந்து போன் வந்தது. பெண்ணின் தாய் விம்மினார். “தண்ணி கேக்கக்கூட வாய் வரேல்லை உங்களுக்கு. பிள்ளையைத் தாறம். இனி உங்களாலை எழும்பேலாதுதானே?”

“ஏலாது” என்றேன்.

கலியாண மண்டபத்தில் நான் கால்நடையாக நுழைந்தபோது பலருக்கு ஏமாற்றம். லண்டனிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, “எந்த டொக்டரிட்டைக் காட்டினனீங்கள்?” என்று கேட்டார்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் கருத்துகள் மாறின. படுத்துக் கிடக்கும் மாமி சனத்துக்கு அலுத்துவிட்டாள். ‘மாமி எழும்ப வேணும்’ என்று எழுதினார்கள், என்னைக் கிணற்றில் தள்ளச் சொன்ன கனடாக்காரர் உட்பட. பெறாமகன் வந்து தலையைச் சொறிந்தபடி நின்றான். சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்த சொல்லை நினைத்து நான் தயங்கினேன்.

புது மருமகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “எழும்புங்கோ மாமி. சும்மா படுத்துக் கிடந்தா ஆர் பாக்கிறது? அம்மாவே போன கிழமையோடை பாக்கிறதை விட்டிட்டா.”